முழங்கால் குருத்தெலும்புக் காயத்துக்குப் பிறகு 800, 1500 மீட்டர் ஓட்டத்துக்குத் திரும்புவது எப்படி?

முழங்கால் குருத்தெலும்பு கிழிந்து, சிகிச்சை முடிந்து வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை வாரத்தில் ஓடலாம், மேடம்?" வாரக் கணக்கைக் கீழே சொல்கிறேன். அதைவிட எனக்கு முக்கியமானது வேறொன்று. நேற்று செய்த பயிற்சிக்கு இன்று காலையில் மூட்டு வீங்கியிருக்கிறதா, இல்லையா? அடுத்த படிக்கு ஏறுவதா, நின்ற இடத்திலேயே நிற்பதா என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்க வேண்டும்.

நான் திருச்சியில் நடுத்தூர ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பெரும்பாலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகிறவர்கள். கல்லூரியில் 1500 ஓடிக்கொண்டிருந்தபோது எனக்கும் இடது முழங்காலில் உள்பக்க மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு அணை) கிழிந்து, கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகும் போட்டிகளில் ஓடினேன். எனவே இங்கே எழுதுவதில் பாதி என் மூட்டு கற்றுக்கொடுத்தது, மீதி என் பிள்ளைகளின் மூட்டுகள் கற்றுக்கொடுத்தவை. அறுவை செய்த மருத்துவரின் அனுமதி இல்லாமல் இதில் எதையும் தொடங்காதீர்கள்.

எது கெட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"ஜவ்வு கிழிந்துவிட்டது" என்ற ஒரே வார்த்தையோடு மைதானத்துக்கு வருகிறார்கள். அது போதாது. எம்.ஆர்.ஐ. அறிக்கையையும் டிஸ்சார்ஜ் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு, மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கெட்டது மெனிஸ்கஸா, எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பா? உள்பக்கமா, வெளிப்பக்கமா? வெட்டி எடுத்தீர்களா, தையல் போட்டீர்களா?

மெனிஸ்கஸ் என்பது தொடை எலும்புக்கும் கணுக்கால் பக்கம் இறங்கும் பெரிய எலும்புக்கும் நடுவே இருக்கும் பிறை வடிவ அணை. ஒவ்வொரு முழங்காலிலும் இரண்டு உண்டு. அதன் வெளி ஓரத்துக்கு மட்டும் ரத்த ஓட்டம் இருக்கிறது. உள் ஓரத்துக்கு இல்லை. அதனால் வெளி ஓரக் கிழிசலுக்குத் தையல் போட்டால் ஒட்ட வாய்ப்பு இருக்கிறது. உள் ஓரம் கிழிந்தால் பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்கிறார்கள். எலும்பு முனைகளைப் போர்த்திய வழவழப்பான குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தை அழுந்தும்போது பிழிந்தும் விடுபடும்போது உறிஞ்சியும், ஒரு பஞ்சைப் போலத்தான் அது உணவு பெறுகிறது. அதனால் முழு ஓய்வும் அதற்கு நல்லதல்ல, திடீர்ச் சுமையும் நல்லதல்ல. அளவான சுமை, பிறகு இடைவெளி, மறுபடியும் அளவான சுமை. பயிற்சித் திட்டம் முழுவதும் இந்த ஒழுங்கில்தான் அமைய வேண்டும்.

இனி வாரக் கணக்கு. மெனிஸ்கஸில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்கள் பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் மெல்லோட்டம் தொடங்குகிறார்கள். வெளிப்பக்க மெனிஸ்கஸ் என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். அந்தப் பக்கம் வெட்டிய மூட்டு ஓட்டத்துக்குச் சீக்கிரம் வீங்குகிறது. தையல் போட்டிருந்தால் 4 முதல் 6 மாதம். எலும்பில் நுண்துளைகள் இட்டுக் குருத்தெலும்பு வளரச் செய்த அறுவை என்றால் மெல்லோட்டத்துக்கே அரை ஆண்டுக்கு மேல் ஆகலாம். போட்டிக்கு ஓர் ஆண்டை ஒட்டி ஆகிவிடும்.

1984-இல் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் முழங்கால் அறுவை முடிந்து 17 நாளில் ஒலிம்பிக் தகுதி மாரத்தானை வென்றார். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானையும் வென்றார். பெற்றோர் யாராவது இதை எடுத்துக்காட்டாகச் சொன்னால் நான் உடனே மறுப்பேன். அவருக்கு வெட்டியது மூட்டுக்குள் இருந்த ஒரு நார் மடிப்பு, குருத்தெலும்பு அல்ல. அந்த 17 நாளை உங்கள் மகளின் தையல் போட்ட மெனிஸ்கஸோடு ஒப்பிடவே கூடாது.

காலைச் சோதனை

இதை ஒரு பிசியோதெரபிஸ்ட் எனக்குக் கற்றுக்கொடுத்தார். காயத்தோடு வரும் எல்லோருக்கும் முதல் நாளிலேயே நான் கற்றுக்கொடுப்பதும் இதுதான்.

படுக்கையை விட்டு எழுந்து நடப்பதற்கு முன்பே செய்யுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, தொடைத் தசையைத் தளர விடுங்கள். முழங்கால் சில்லின் உள்பக்கம் ஒரு சிறு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்துக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, தொடையை நோக்கி மேலே இரண்டு மூன்று முறை அழுத்தித் தடவுங்கள். பள்ளம் காலியாகும். இப்போது சில்லின் வெளிப்பக்கத்தில், தொடையிலிருந்து கீழ்நோக்கி ஒரே ஒரு முறை தடவுங்கள். கண் உள்பக்கப் பள்ளத்திலேயே இருக்கட்டும். அங்கே ஏதாவது மெல்ல எழும்பி நிரம்பினால் மூட்டுக்குள் நீர் இருக்கிறது. பள்ளம் பள்ளமாகவே இருந்தால் மூட்டு காய்ந்திருக்கிறது. நல்ல காலிலும் செய்து பாருங்கள். அப்போதுதான் வித்தியாசம் பிடிபடும். முதல் சில நாட்கள் பிசியோவின் எதிரில் செய்து காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ந்திருந்தால் திட்டத்தில் உள்ள அடுத்த படி. லேசாக எழும்பினால் அன்று ஓட்டம் இல்லை. சைக்கிளோ நடையோ போதும், அடுத்த ஓட்ட நாளில் பழைய படியையே திரும்பச் செய்ய வேண்டும். தடவாமலே பள்ளம் நிரம்பியிருந்தால் இரண்டு மூன்று நாள் ஓட்டத்தை நிறுத்தி, ஒரு படி கீழே இறங்குங்கள். ஒரு வாரமாகியும் வற்றவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

வலியை விட்டுவிட்டு வீக்கத்தை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், காரணம் இருக்கிறது. நரம்பே இல்லாத குருத்தெலும்பு வலிக்காது. சுமை அதிகமானால் மூட்டின் உள்ளுறைதான் எரிச்சலடைந்து நீரைச் சுரக்கிறது. மூட்டில் நீர் சேர்ந்தால் முன் தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளை அடங்கிவிடுகிறது; நீங்கள் எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாக இறுகாது. தசை தாங்காத அதிர்ச்சி நேராகக் குருத்தெலும்பில் இறங்கும். மறுபடி நீர் சுரக்கும். "வலியே இல்லை மேடம், ஓடுகிறேன்" என்று வீங்கிய காலோடு நிற்கும் பிள்ளையை நான் ஓட விடாததற்கு இதுதான் காரணம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. மறுநாள் காலைச் சோதனையும் அன்றைய வலியும் இரண்டுமே பொய்யாகிவிடும்.

ஓடுவதற்கு முன்

முதலில் கால் முழுதாக நீள வேண்டும். தரையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டுங்கள். முழங்காலுக்குப் பின்னால் கையை நுழைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம் இருக்க வேண்டும். ஐந்து டிகிரி மடங்கியிருந்தாலும் ஓட்டத்தில் அது நொண்டலாக வெளிப்படும்.

அடுத்தது தசை. சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே தையல்காரர் டேப்பால் இரண்டு தொடைகளையும் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். வெறும் சுற்றளவு பலத்தைச் சொல்லிவிடாது என்றாலும், இளைத்த தொடையைக் கண்ணால் பார்ப்பது பிள்ளைகளுக்குப் புரிகிறது. ஒற்றைக் காலில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவது, படியிலிருந்து மெதுவாகக் காலை இறக்குவது, இடுப்பைத் தூக்கும் பாலப் பயிற்சி ஆகியவற்றை வாரத்துக்கு மூன்று நாள் செய்யுங்கள். ஜிம் இருந்தால் லெக் பிரஸ் நல்லது. காயம்பட்ட கால் நல்ல காலின் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கை எட்டும்வரை வேகப் பயிற்சியை நினைக்க வேண்டாம். ஒற்றைக் காலில் எழும்போது கண்ணாடி முன் நில்லுங்கள். முழங்கால் உள்பக்கம் சரிகிறதா என்று பாருங்கள்; சரிந்தால் இடுப்பின் பக்கவாட்டுத் தசை போதவில்லை.

தோப்புக்கரணம் வேண்டாம். மைதானத்தில் நூறு, இருநூறு என்று போடச் சொல்லும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. முழுவதும் குந்தி எழும்போது மெனிஸ்கஸின் பின்பகுதி நசுங்குகிறது. தையல் போட்டவர்கள் 90 டிகிரிக்கு மேல் மடக்கிக் குந்துவதை மருத்துவர்கள் பல மாதங்கள் தடுப்பது அதனால்தான். தண்டனையாக முட்டி போட வைப்பதையும் பள்ளியில் சொல்லி நிறுத்துங்கள். வீட்டிலும் இது பொருந்தும்: சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, குந்தி உட்காரும் கழிப்பறை, வண்டியைக் கிக்கர் அடித்துக் கிளப்புவது. விளையாட்டு விடுதியில் மேற்கத்திய கழிப்பறை இல்லையென்றால், நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றை வாங்கிப் போடச் சொல்லுங்கள். கேட்பதற்குப் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். பயிற்சியாளர்தான் கேட்க வேண்டும்.

சுளுக்கு எடுப்பவரிடம் தொடைக்கும் ஆடுசதைக்கும் எண்ணெய் தேய்த்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. மூட்டை முறுக்கிச் சொடக்கு எடுப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

மூச்சைக் காப்பாற்றி வையுங்கள்

நடுத்தூரம் ஓடுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 800 மீட்டருக்குத் தேவையான ஆற்றலில் பாதிக்கு மேல் ஆக்சிஜன் வழியாகத்தான் வருகிறது; 1500-இல் இன்னும் அதிகம். அந்த எஞ்சினை ஓடாமலே பராமரிக்கலாம்.

மருத்துவர் அனுமதித்ததும் சைக்கிள். கியர் சைக்கிள் வேண்டியதில்லை, வீட்டுச் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்தாலும் போதும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்துங்கள். நம் ஊரில் எல்லோருமே சீட்டைத் தாழ்வாக வைத்து மிதிக்கிறார்கள், அது சில்லுக்குக் கெடுதல். 1 நிமிடம் வேகம், 1 நிமிடம் மெதுவாக என்று 8 முறை. இன்னொரு நாள் 3 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெதுவாக என்று 5 முறை. உண்மையாகவே மூச்சு வாங்க வேண்டும்.

நீச்சல் குளம் கிடைத்தால் கால் தரையில் படாத ஆழத்தில், மிதவை கட்டிக்கொண்டு, ஓடுவதுபோலக் கால்களை இயக்கலாம். காவிரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய பிள்ளைகள் தவளை நீச்சல் அடிப்பார்கள்; அந்த உதை முழங்காலைப் பக்கவாட்டில் முறுக்குகிறது. காயம் ஆறும்வரை கையால் மட்டும் நீந்தச் சொல்லுங்கள்.

நடை, பிறகு ஓட்டம்

தொடர்ந்து 30 நிமிடம் வேகமாக நடந்து, மறுநாள் காலை மூட்டு காய்ந்திருந்தால் ஓட்டம் தொடங்கலாம். படியில் கைப்பிடி இல்லாமல் இறங்க முடிய வேண்டும். காயம்பட்ட காலில் இருந்த இடத்திலேயே சிறிதாகப் பத்து முறை குதிக்க முடிய வேண்டும்.

1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை. அடுத்தது 1 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 10 முறை. பிறகு 2-க்கு 1. பிறகு 5-க்கு 1. பிறகு தொடர்ந்து 20 நிமிடம். எப்போதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒவ்வொரு படியையும் குறைந்தது இரண்டு தடவை செய்து, இரண்டு தடவையும் மறுநாள் காலையில் மூட்டு காய்ந்திருந்தால்தான் அடுத்தது. முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், கடைசியில்தான் வேகத்தை. ஒரே வாரத்தில் இரண்டையும் கூட்டக் கூடாது.

சமமான மண் பாதை சிறந்தது. காவிரிக் கரையில் அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. விடியற்காலையில் போனால் வெயிலும் இல்லை, வண்டியும் இல்லை. தார்ச்சாலையில் ஓட வேண்டியிருந்தால் ஓரச் சரிவில் ஓடாதீர்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் உதிரி மணலைத் தவிர்க்க வேண்டும். கால் புதைந்து புரள்கிறது. இறக்கத்தில் ஓடுவதும், மலைக்கோட்டைப் படிகளில் இறங்குவதும் முழங்காலுக்கு மிகப் பெரிய சுமை. நானூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி இறங்குவதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒரு பெருமையாகவே வைத்திருக்கிறார்கள். இந்தப் பருவத்துக்கு அதை மறந்துவிடச் சொல்வேன்.

காலடியைச் சற்றுக் குறுக்குங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி, அதே வேகத்தில் அதைவிட ஐந்து சதவீதம் கூட்டுங்கள். 160 என்றால் 168. பாதம் உடலுக்கு அருகிலேயே விழும்; முழங்கால் வாங்கும் சுமை குறையும்.

காதில் எதையும் மாட்டாமல் ஓடுங்கள். நான் டிராக்கில் உட்கார்ந்திருக்கும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு பிள்ளைகளின் காலடிச் சத்தத்தைக் கேட்பேன். நலமான ஓட்டத்தில் இரண்டு கால்களும் ஒரே சத்தம் எழுப்பும். காயத்திலிருந்து வருபவர்களிடம் ஒரு கால் ஓங்கி விழும், மறுகால் பட்டும் படாமலும் விழும். ஓங்கி விழுவது பெரும்பாலும் நல்ல கால். எத்தனையாவது நிமிடத்தில் அந்த வித்தியாசம் தொடங்குகிறதோ, அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிடுவேன். வலி வருவதற்கு வெகு முன்பே அந்தச் சத்தம் வந்துவிடும்.

டிராக்குக்குத் திரும்புதல்

ஒரு நாள் விட்டு ஒரு நாள் 30 நிமிடம், மூன்று வாரம் வீக்கமின்றி ஓடிய பிறகு வேகம். பொதுவான வழிகாட்டிகள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. 800 ஓடுபவருக்கு ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் நேர்கோடு மட்டும். நேர்ப்பகுதியில் 60 முதல் 80 மீட்டர், முழு வேகத்தில் பாதிக்குச் சற்று மேல், நான்கு ஓட்டம். வளைவை நடந்து கடக்க வேண்டும். சில தடவைக்குப் பிறகு எட்டு ஓட்டம் வரை கூட்டலாம். வேகத்தைத் திடீரென்று எடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காதீர்கள். வேகத்தைக் குறைக்கும்போதுதான் முன் தொடையும் சில்லும் அதிகம் உழைக்கின்றன. இன்னொரு 30 மீட்டராவது தளர்ந்து ஓடி நில்லுங்கள்.

அடுத்து வளைவு. டிராக்கில் எப்போதும் இடப்பக்கமாகவே திரும்புகிறோம்; உள்பக்கக் காலுக்கும் வெளிப்பக்கக் காலுக்கும் முறுக்கு ஒன்றல்ல. முதல் லேனின் வளைவு ஆரம் ஏறத்தாழ 36.5 மீட்டர். ஒவ்வொரு லேனும் 1.22 மீட்டர் அகலம் என்பதால் எட்டாவது லேனில் அது 45 மீட்டராகிவிடும். அவ்வளவு வளைவு தளர்கிறது. அதனால் வளைவு ஓட்டத்தை ஏழு, எட்டாவது லேன்களில் தொடங்கி, வாரம் செல்லச் செல்ல உள்ளே வரச் சொல்வேன். வார்ம்-அப் சுற்றுகளில் பாதியை எதிர்த்திசையில் ஓடலாம். டிராக் காலியாக இருக்கும் நேரத்தில், கடைசி லேனில் மட்டும்.

800-ஐ 2 நிமிடம் 20 விநாடியில் ஓடிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி மெனிஸ்கஸ் அறுவைக்குப் பிறகு என்னிடம் திரும்பி வந்தாள். அவளுடைய போட்டி வேகத்தில் 200 மீட்டர் 35 விநாடி. முதல் வாரம் 40 விநாடியில் 4 தடவை, இடையில் 200 மீட்டர் நடை. பிறகு அதே 40 விநாடியில் 6 தடவை. அதன் பிறகுதான் 38. 36-க்கு வந்ததும் எண்ணிக்கையை மறுபடி நான்காகக் குறைத்தேன். 35-ஐத் தொட்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது, எனக்கும்தான். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளுடைய அம்மா போன் செய்து, "காய்ந்திருக்கிறது மேடம்" என்றார். அந்த வீட்டில் அதற்குள் எல்லோருக்கும் சோதனை செய்யத் தெரிந்திருந்தது.

வேக நாட்கள் வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். நடுவே இரண்டு நாள் இடைவெளி இருக்கட்டும். பலப் பயிற்சியை வேக நாள் மாலையில் வைத்தால் மறுநாள் உண்மையான ஓய்வு கிடைக்கும்.

ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) கடைசியில். சாதாரண ஓட்டக் காலணியில் போட்டி வேகத்தைத் தொட்ட பிறகே மாட்டுங்கள், அதுவும் முதலில் நேர்ப்பகுதி ஓட்டங்களுக்கு மட்டும். ஸ்பைக்ஸ் தரையைக் கவ்விப் பிடிப்பதால், திரும்பும்போது பாதம் வழுக்காமல் நின்றுவிடும். முறுக்கு முழங்காலுக்கு ஏறும். மழை பெய்து காய்ந்த செம்மண் மைதானத்தில் குழியும் மேடுமாக இருக்கும். அங்கே ஸ்பைக்ஸோடு வேகப் பயிற்சி வேண்டாம்.

உடனே நிறுத்த வேண்டியவை

மூட்டு பூட்டிக்கொண்டு நீட்டவோ மடக்கவோ முடியாமல் போவது, நடக்கும்போது திடீரென்று கால் மடிந்து விடுவது, தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் மூட்டுக் கோட்டில் ஒரே புள்ளியில் ஊசி குத்துவதுபோன்ற வலி. இவற்றில் எது வந்தாலும் காலைச் சோதனைக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அறுவை முடிந்த புதிதில் காய்ச்சலோடு மூட்டு சூடாகிச் சிவந்தாலோ, ஆடுசதை வீங்கி வலித்தாலோ அன்றே போக வேண்டும்.

மூட்டுக்கு என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரைகளுக்கு நான் யாரையும் பணம் செலவழிக்கச் சொல்வதில்லை. அந்தப் பணத்தில் முட்டையும் பாலும் சுண்டலும் வாங்கிக் கொடுங்கள், தொடை தேறும்.

முதல் போட்டி

திரும்பி வந்த பிறகு முதல் போட்டியாக 800-ஐ எடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. முதல் வளைவு முடிந்ததும் லேன் விட்டு எல்லோரும் உள்ளே பாய்வார்கள்; முழங்கை இடிக்கும்; சட்டென்று பக்கவாட்டில் கால் வைக்க நேரும். பல மாதம் நேராக மட்டுமே ஓடிய மூட்டுக்கு அது சரியான வரவேற்பு அல்ல. சிறிய போட்டி ஒன்றில் 1500 ஓடுங்கள். தொடக்கத்தில் கூட்டத்துக்குப் பின்னால் இருந்து, வெளிப்பக்கம் ஓடி, கடைசிச் சுற்றில் மட்டும் இடம் பிடிக்கலாம். அதற்கு முந்தைய சில வாரங்களில் இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து ஓடி, பக்கவாட்டில் விலகுவதையும் முந்துவதையும் மெதுவான வேகத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

அந்தப் போட்டிக்கு அடுத்த மூன்று நாட்களும் காலைச் சோதனையைச் செய்யுங்கள். சில மூட்டுகள் இரண்டாம் நாளில்தான் நீர் விடுகின்றன. மூன்றாம் நாளும் காய்ந்திருந்தால் 800-க்குப் பெயர் கொடுக்கலாம். பலப் பயிற்சியை மட்டும் போட்டிப் பருவத்திலும் வாரத்துக்கு ஒரு நாளாவது தொடருங்கள்.